இழுத்துப் பார்க்கிற மாப்பிள்ளை

முன்னால் நிற்பவரின் தோள்பைப் பட்டையை இரண்டு விரலால் பிடித்துச் சட்டென்று ஓர் இழு இழுக்கிறார் புகழேந்தி. பைக்குச் சொந்தக்காரர் பதறித் திரும்புகிறார். மயிலாப்பூர் குளத்தோரப் பேருந்து நிறுத்தத்தில், காலை நெரிசலில், யார் பையை யார் தொட்டாலும் பதறத்தான் வேண்டியிருக்கிறது. "பயந்துக்காத சார், நான் அந்த மாதிரி ஆளு இல்ல. லெஃப்ட் சைடுல தையலு வுட்டுக்கினு கீது. ஆபீஸ் போற வரிக்கும் தாங்கும். திரும்பி வரசொல்ல கைல புடிச்சிக்க" என்று சொல்லிவிட்டு, ஏதோ தர்மகாரியம் செய்து முடித்த திருப்தியோடு அடுத்தவர் பையைப் பார்க்கிறார்.

எதைக் கண்டாலும் இழுத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பேருந்துக் கைப்பிடி, டீக்கடையில் வாழைத்தார் தொங்கும் கயிறு, பக்கத்து வீட்டுத் துணிக்கொடி, கோயில் வாசல் மாவிலைத் தோரணம், எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. இழுத்ததும் தீர்ப்பு வரும். தாங்கிவிட்டால், "பாஸ்." அறுந்துவிட்டால், "நான் சொல்லல?" அறுந்ததற்குக் காரணம் தாம் இழுத்ததுதான் என்பது மட்டும் நாற்பத்தாறு வயதாகியும் அவர் மண்டையில் ஏறவில்லை.

சொந்தச் சட்டையையும் அவர் விடுவதில்லை. யோசனை வந்தால் சிலர் தாடியைத் தடவுவார்கள், சிலர் நகத்தைக் கடிப்பார்கள். புகழேந்தியின் விரல் நேரே சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போகும். ஆகவே அவருடைய எந்தச் சட்டையிலும் இரண்டாவது பொத்தான் கிடையாது. அந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். மனைவி நிஷா தைத்துத் தைத்து ஓய்ந்துபோய், "இனிமே உனுக்கு பட்டன் தெக்க சொன்னே, வாயத் தெச்சு வுட்ருவேன்" என்று ஒரு நாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

நிஷாவுக்குத் தியாகராய நகரில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலை. அந்தக் கடைக்குள் புகழேந்திக்கு அனுமதி இல்லை. முன்பு ஒரு முறை மனைவியைக் கூட்டிவரப் போனவர், யாரோ ஒரு கல்யாண வீட்டார் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த முகூர்த்தச் சேலையின் முந்தானையைப் பிடித்து ஓர் இழு இழுத்து, "பாஸ்" என்றார். சேலை தாங்கிவிட்டது. பெண்ணின் பெரியம்மாதான் தாங்கவில்லை.

இந்தக் கைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு லேத்துப் பட்டறைக்கும் ஓர் அச்சகத்துக்கும் நடுவே அடங்கி உட்கார்ந்திருக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் அவர் வேலை பார்க்கிறார். ஆபரேஷனுக்கு வேண்டிய நூலும் வலையும் அங்கே தயாராகின்றன. உடம்புக்குள் வைத்துத் தைத்தால், காயம் ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்து, அப்புறம் தானாகவே கரைந்து காணாமல் போகிற பாலிமர் நூல் அது. வலையும் அதே ஜாதி. பார்வைக்குக் கொசுவலைத் துண்டு போல இருக்கும். குடல் இறங்கிய இடத்தில், கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது போல அதை வைத்துத் தைப்பார்கள். வலையின் கண்களுக்குள் சொந்தச் சதை வளர்ந்து நிறைந்து கெட்டியானதும், வலை மெல்ல மெல்லக் கரைந்துவிடும். வந்த வேலை முடிந்ததும் தானாகக் கிளம்பிப் போகும் விருந்தாளி. நம் வீடுகளுக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை.

அங்கே புகழேந்தியின் உத்தியோகம், இழுப்பது. நூலின் இரண்டு முனைகளையும் இயந்திரத்தின் பிடிகளில் மாட்டுவார். இயந்திரம் இழுக்கும். எவ்வளவு பலத்துக்கு அறுந்தது என்று திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிச் சொல்லும். வலையாக இருந்தால், வளையத்தில் இறுக்கி நடுவில் ஓர் இரும்புக் குண்டை அழுத்தி, எப்போது கிழிகிறது என்று பார்ப்பார். சில துண்டுகளை உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறியதையும் இழுப்பார். பகலெல்லாம் அறுப்பதற்காகவே இழுக்கிற மனிதர், சாயங்காலம் அந்தக் கையை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டா வீட்டுக்கு வர முடியும்?

ஆனால் இயந்திரம் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு போகிற ஆசாமி அவர் அல்ல. ஒரே தடவையில் தயாராகி வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றிரண்டு துண்டுகளை எடுத்து, இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்து ஓர் இழு. "மிஷின் சொல்றது மிஷினுக்கு. கை சொல்றது எனுக்கு" என்பார். கை சொன்னதை யாரும் கேட்கவும் இல்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. அது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் நடுவே நடந்த ஏற்பாடு.

தரப் பிரிவுக்குப் புதிதாக வந்த வர்ஷினி ஒரு நாள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணா பண்றீங்க?"

"டெஸ்ட்டும்மா."

"கையால இழுத்தா அது டெஸ்ட் இல்லண்ணா, சண்டை. ஒரு நாள் பிரியாணி சாப்ட்டு வருவீங்க, ஒரு நாள் தயிர் சாதம் சாப்ட்டு வருவீங்க. ரெண்டு நாளும் ஒரே பலமா இருக்கும்?"

புகழேந்தி கையில் சுற்றியிருந்ததைக் கழற்றினார். அன்று அவர் சாப்பிட்டிருந்தது தயிர் சாதம். மறுநாள் பரிசோதனை அறையில் ஒரு பலகை தொங்கியது: 'கையால் இழுக்கக் கூடாது.' கம்பெனியில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது எந்த ஒருவருக்காக எழுதப்பட்டது என்று தெரியும். பலகை நன்றாக மாட்டியிருக்கிறதா என்று புகழேந்தி இழுத்துப் பார்த்தார். ஆணி கையோடு வந்தது.

பலகை தொங்கிய அதே வாரம், வலை வைக்கிற உறையையும் மாற்றினார்கள். முன்பு ஓரத்தில் நீலக் கோடு இருந்தது, இப்போது பச்சைக் கோடு. வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் அழகு. புகழேந்திக்கு மட்டும் அதன் அர்த்தம் வேறு. நீலக் கோடு என்றால் அவர் கை இழுத்துப் பார்த்த லாட். பச்சைக் கோடு என்றால் கை படாத லாட். அந்தப் பச்சைக் கோடுதான் பின்னால் மாதக்கணக்கில் அவரைப் படுத்தி எடுத்தது. எப்படி என்று சொல்வதற்கு, முதலில் அவருடைய மாமியாரைச் சொல்லியாக வேண்டும்.

மாமியார் சுப்பம்மா, குளத்தருகே பூ விற்கிறவர். முழம் போடும்போது கை கொஞ்சம் தாராளம். வாய் அதைவிடத் தாராளம். மூக்குப்பொடி ஒன்றுதான் அவருடைய ஆடம்பரம். ஒரே மகள் நிஷாவின் கல்யாணத்துக்கு அவரே உட்கார்ந்து மாலை கட்டினார். சம்பங்கியும் ரோஜாவும் மாற்றி மாற்றி வைத்து, பார்த்தவர்கள் வாயைப் பிளந்த மாலை. அது கழுத்தில் விழுந்த கையோடு, மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் ஓர் இழு இழுத்தார். மாலை அறுந்து, ரோஜா மேடையெங்கும் உருண்டது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். "நான் சொல்லல? நாரு வீக்கு" என்று தம் கல்யாண மேடையிலேயே அறிக்கை விட்ட மாப்பிள்ளை உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தாலி முடிச்சு விழுந்ததும் அதையும் விடவில்லை. நிஷாவின் தலை பின்னால் போய் வந்தது. "பாஸ்" என்றார்.

தாலி பாஸாகிவிட்டது. மாப்பிள்ளைதான் பாஸாகவில்லை. பதினெட்டு வருஷமாகச் சுப்பம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசியது கிடையாது. மற்ற வீட்டு மாமியார்கள் "வாங்க மாப்ள" என்பார்கள். சுப்பம்மா, "ஏ நிஷா, உன் ஆளு வந்துகீது பாரு" என்பார். இத்தனைக்கும் ஒரே ஹவுசிங் போர்டு குடியிருப்பு, ஒரே படிக்கட்டு. சுப்பம்மா இரண்டாம் மாடி, இவர்கள் மூன்றாம் மாடி. அறுந்த மாலையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி இத்தனை காலம் படியேறி இறங்கியிருக்கிறார்.

தீபாவளி முடிந்த வாரம், "தொப்புளாண்ட எலுமிச்சம்பழம் மாதிரி ஒண்ணு எட்டி எட்டிப் பாக்குது" என்றார் சுப்பம்மா. அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி வயிற்றில் கை வைத்து இருமச் சொல்லிப் பார்த்துவிட்டு, குடலிறக்கம் என்றார். வலை வைத்துத் தைத்துவிடலாம், கொஞ்ச காலத்தில் கரைந்துவிடுகிற வலை, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

சுப்பம்மாவுக்கு மற்றதெல்லாம் புரிந்தது. கரைவது மட்டும் புரியவில்லை. "கரைஞ்சு பூட்டா அப்பால எது புடிச்சிக்கினு நிக்கும்?" என்று கேட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தார். புகழேந்திக்கு நெஞ்சு விம்மியது. பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு.

"சென்ட்ரிங் மாதிரி அத்தே. பலகை அடிச்சு, முட்டு குடுத்து, தளம் போடறாங்கோ. தளம் இறுகுனப்பால முட்ட பிரிக்கிறாங்கோ. தளம் வுழுதா?"

"வுழும். நிஷாவோட அப்பா சென்ட்ரிங் வேலதான் பாத்துச்சு. ரெண்டு தளம் வுழுந்துகீது."

புகழேந்தி கொஞ்சம் தடுமாறினார். வேறு வழியில் போய்ப் பார்த்தார். "வலை கரைஞ்சா வர்றது ஒண்ணும் கெட்ட சமாச்சாரம் இல்ல அத்தே. தயிர்ல ஒரு புளிப்பு கீதுல்ல, அந்த ஜாதி. உடம்புக்கு நல்லது."

"ஏ நிஷா! உன் ஆளு என் வயித்த தயிர ஊத்தி தெக்கிறேன்னு சொல்லுது!"

ஒருவழியாக டாக்டர் சமாதானம் சொல்லி நாள் குறித்தார். ஆபரேஷனன்று காலை, மருத்துவமனை மருந்துக் கடையில் வலையை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். கடைக்காரர் எடுத்து நீட்டிய உறையைப் புகழேந்தி திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்தக் கம்பெனி உறை. ஓரத்தில் பச்சைக் கோடு.

"பழைய சரக்கு இருக்குதா? நீலக் கோடு போட்டது?"

மருந்துக் கடையில் நின்று பழைய சரக்கு கேட்ட மனிதரை அந்தக் கடைக்காரர் அதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "எல்லாரும் புதுசுதானே சார் கேப்பாங்க? பழசு என்னைக்கோ தீர்ந்துபோச்சு."

ஆபரேஷன் அறை வாசலில், நர்ஸ் அமீனா பீ கையை நீட்டினார். புகழேந்தி உறையைக் கொடுக்கவில்லை. உள்ளே இருக்கும் வலையை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தால் போதும், மனசு அடங்கிவிடும். ஆனால் பிரித்தால் சுத்தம் கெட்டுப் பாழாகிவிடும் என்பது மற்ற எல்லாரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். பிரிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இந்தப் பக்கம் அவர் பிடித்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் அமீனா பீ பிடித்து இழுத்தார். "வுடுங்கண்ணா, உள்ள டாக்டரம்மா நிக்கிறாங்க!" வாழ்நாள் முழுவதும் இழுத்தவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இழுபறியில் தோற்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்துப் பார்க்கும் நேரத்தில் மருமகன் அங்கே நிற்கக் கூடாது என்று அமீனா பீ அவரைத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். அனுப்பிய இடத்தில் ஒருவர் சும்மா நிற்கலாம். திரை எதில் தொங்குகிறது என்று பார்க்கத் தோன்றியது அவருக்கு. கம்பி, வளையம், திரை எல்லாம் சேர்ந்து அவர் தலையில் இறங்கின. திரைக்குள்ளிருந்து, "நான் சொல்லல?" என்று ஒரு குரல் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புகழேந்தியின் பாடு ஆரம்பமானது. இருமினாலும் தும்மினாலும் வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள், கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னது சுப்பம்மாவிடம், பிடித்துக்கொண்டவர் புகழேந்தி. ஒரு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாமியாரின் பின்னாலேயே அலைந்தார். சுப்பம்மா கொட்டாவி விட்டால்கூடத் தலையணை நீண்டது. குடியிருப்பில் வறுமிளகாய் தாளிக்கக் கூடாது என்று மாடி மாடியாகப் போய்க் கேட்டுக்கொண்டார். நெடி ஏறினால் அத்தை இருமுவார். மூக்குப்பொடி டப்பா அரிசிப் பானைக்குள் மறைந்தது. டிவியில் காமெடி வந்தால் சேனலை மாற்றினார். சிரித்தால் வயிறு குலுங்கும். தாளிக்காத ரசத்தை ஊற்றிக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டு அந்தக் குடும்பம் மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

கீழே பம்பில் அடித்து மேலே கொண்டுவர வேண்டிய தண்ணீரும் அவர் தலையில் விழுந்தது. அதுவரை சொந்த வீட்டுக்கு ஒரு குடம் தூக்கி அறியாதவர், இரண்டு வீட்டுக்கும் தூக்கினார். சுப்பம்மாவா சும்மா இருப்பார்? குடம் தொட்டாலே மருமகன் அலறுகிறார் என்று தெரிந்ததும், டீ வேண்டுமென்றால் குடத்தைத் தொடுவார். வெற்றிலை வேண்டுமென்றால் ஒரு செருமல். "என்னிக்கும் இல்லாத திருநாளா, இன்னா இது இம்மாங் கவனிப்பு?" என்று மகளிடம் கேட்பார். நிஷாவுக்கும் புரியவில்லை. பயம் என்று புகழேந்திக்கு மட்டும் தெரியும். வலை விட்டுவிட்டால், குடல் மறுபடி இறங்கினால், திரும்பவும் கத்தி, திரும்பவும் மயக்கம். அது மட்டுமா, அறுந்த மாலைக்கே பதினெட்டு வருஷம். அறுந்த வலைக்கு எத்தனை?

வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை. கம்பெனியில் ஒரு நாள் வர்ஷினியிடம் போய் நின்றார். ஒவ்வொரு லாட்டிலும் சில துண்டுகளை எடுத்து வைத்திருப்பார்கள். மாமியார் வயிற்றில் இருக்கும் லாட்டின் துண்டு ஒன்றைக் கேட்டார். விஷயத்தைக் கேட்ட வர்ஷினி சிரிக்கவில்லை. தாமே வளையத்தில் மாட்டி, குண்டை அழுத்தி, திரையைக் காட்டினார்.

"பாருங்கண்ணா, தேவைக்கு மேலயே தாங்குது. போதுமா?"

"கையால ஒரு தபா..."

வர்ஷினி பலகையைக் காட்டினார். இப்போது அது திருகாணி போட்டு மாட்டப்பட்டிருந்தது.

இப்படியே பங்குனியும் வந்து, அறுபத்துமூவர் திருவிழாவும் வந்துவிட்டது. அன்றைக்கு மயிலாப்பூரில் பூ விற்காத பூக்காரி பூக்காரியே அல்ல. டாக்டர் ஸ்ரீலக்ஷ்மியும் பார்த்துவிட்டு, இனி எல்லா வேலையும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். கோயம்பேட்டிலிருந்து வந்த பூவைத் தொடுத்து முடித்து, பெரிய கூடையில் நிரப்பி, சுப்பம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். புகழேந்தி அன்றைக்குத் திருவிழாவுக்கென்று நிஷா எடுத்துக்கொடுத்த புதுச் சட்டையில் இருந்தார். பொத்தான் வரிசை முழுசாக இருந்த அபூர்வச் சட்டை. அக்குளில் தலையணை.

"அத்தே, வையி. நான் தூக்கியாறேன்."

"நீ தூக்கிக்கினு வந்து, போற வழில ஒவ்வொரு மாலையா இஸ்த்துப் பாப்பியே? ஒத்து."

புகழேந்தி நகரவில்லை. படிக்கட்டின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மேல் மாடியிலிருந்து நிஷா எட்டிப் பார்த்தார். சுப்பம்மா குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தார். கூடை தரையைவிட்டு எழும்பியதுதான் தாமதம், புகழேந்தியின் வாயிலிருந்து எல்லாம் கொட்டிவிட்டது.

"வேணாம் அத்தே! உன் வயித்துல கீற வலை பச்சைக் கோடு! அத நான் இஸ்த்துப் பாக்கல! போர்டு மாட்டிட்டாங்கோ! நீலக் கோடு கேட்டேன், இல்லேன்னுட்டான்! இத்தினி மாசமா உன்னாண்ட சொல்ல பயந்துக்கினு கீறேன்!"

சுப்பம்மா கூடையை இறக்கி வைத்தார். நிமிர்ந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"நான் இஸ்த்துப் பாக்கல அத்தே."

"உன் கை அதும் மேல படவே இல்ல?"

"சத்தியமா படல."

சுப்பம்மா கோபுரம் இருக்கும் திசைக்குத் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"கபாலி! காப்பாத்துனடா சாமி! அதான்யா நான் உசுரோட கீறேன்! நீ இஸ்த்தது எது இந்த ஒலகத்துல நின்னுகீது? என் மாலை நின்னுச்சா? ஆஸ்பத்திரி திரை நின்னுச்சா? உன் கை படாததாலதான் இது ஒண்ணாவது கிண்ணுனு நிக்குது! நல்ல சேதிய வயித்துல வெச்சிக்கினு இத்தினி மாசம் சொல்லாம கீறியே!"

மேலே நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புகழேந்தி சிரிக்கவில்லை. இத்தனை மாசம் இந்தப் பக்கத்திலிருந்து அவர் விஷயத்தைப் பார்த்ததே இல்லை. மாலை, திரை, ஆணி, தோரணம், பொத்தான் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் வந்து போயின. நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகவா தலகாணியத் தூக்கிக்கினு என் பின்னாலயே சுத்துன?" என்றார் சுப்பம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஆமா அத்தே. உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நிஷாவுக்கு யாரு கீறாங்கோ? எனுக்குந்தான் யாரு கீறாங்கோ, திட்றதுக்கு?"

சுப்பம்மா தம் வீட்டுக்குள் போய், அரிசிப் பானைக்குள் கையை விட்டு, மூக்குப்பொடி டப்பாவை எடுத்து வந்தார். எங்கே ஒளித்திருந்தது என்று முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். கட்டிடம் அதிர ஒரு தும்மல். அதன் மேல் இன்னொன்று. புகழேந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையணையை நீட்டினார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணைத் திறந்தபோது சுப்பம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

"பாஸா?" என்று கேட்டார்.

"பாஸ்" என்றார் புகழேந்தி. அப்போதுதான் ஏதோ ஒன்று டிக் டிக்கென்று படிப்படியாக உருண்டு கீழே போகிற சத்தம் கேட்டது. புதுச் சட்டையின் இரண்டாவது பொத்தான். அத்தனை நேரம் விரல் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது.

நிஷா மேலே தலையில் அடித்துக்கொண்டார். சுப்பம்மா கீழே இறங்கிப் போய்ப் பொத்தானைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கூடையில் குத்தியிருந்த ரோஜா மாலை கோக்கும் நீள ஊசியை எடுத்து, மாலை நூலையே கோத்து, "ஆடாத, குத்திக்கப் போற" என்று மருமகனின் சட்டையைப் பிடித்தார். கையெல்லாம் சம்பங்கி வாசனை. நாலு தடவை போய் வந்து, அடியில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். அப்புறம் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு படி இறங்கி, நின்று திரும்பினார்.

"இன்னா பாக்குற? இஸ்த்துப் பாரு."

புகழேந்தியின் இரண்டு விரலும் போய்ப் பொத்தானைப் பிடித்தன. சுப்பம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நிஷா பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் துளைக்குள் நுழைத்துச் சட்டையைப் பூட்டிக்கொண்டன.